பதினான்கா, பதினொன்றா?

என் கைப்பேசியில் 40 விநாடி ஒலிப்பதிவு ஒன்று இருக்கிறது. ஒலிபரப்பத் தகுந்தது என்று எங்கள் நிலையத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். காற்று இரைகிறது. ஒரு பிள்ளை அழுகிறது. இரண்டுக்கும் அடியில், மேட்டில் பாரவண்டி இழுக்கும் மாடு முக்குவதுபோல ஒரு மோட்டார் சத்தம். அழுவது என் மகன். முக்குவது எங்கள் படகு.

படகு என்றதும் பெரிய வசதி என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று குடும்பங்கள் காசு போட்டு, இன்னொருவர் ஓட்டிக் கழித்ததை வாங்கியிருக்கிறோம். 18 அடி ஃபைபர் படகு, பின்னால் 60 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார். மாதத்தில் ஒரு வாரஇறுதி எங்கள் முறை. விசைப்படகு ஓட்டும் உரிமம் வீட்டில் என்னிடம்தான் உண்டு. என் கணவருக்கு அலை என்றாலே வயிறு ஒத்துழைக்காது. அவர் வேலை நங்கூரம் போடுவதும் நாசி லெமாக் பிரித்துக் கொடுப்பதும்.

எதற்குப் படகு என்று கேட்பவர்களுக்கு என் வீட்டு ஜன்னலைத்தான் காட்டுவேன். நாங்கள் இருப்பது தஞ்சோங் பகாரில். மலாயில் தஞ்சோங் என்றால் முனை, பகார் என்றால் வேலி. மீன் பிடிக்கக் கடலில் நட்ட கம்புவேலியால் இந்தப் பெயர் வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. இன்று முனையும் இல்லை, வேலியும் இல்லை. மண் கொட்டிக் கொட்டிக் கடலைத் தள்ளி அனுப்பிவிட்டோம். 1864-ல் தஞ்சோங் பகார் கப்பல்துறை நிறுவனம் தொடங்கிய காலத்திலிருந்து இங்கே உழைத்தவர்களில் நம்மவர்கள் நிறைய. கடையநல்லூரிலிருந்து வந்து இந்த வட்டாரத்தில் குடியேறியவர்கள் 1946-ல் உமறுப்புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியே தொடங்கினார்கள். 1972-ல் சிங்கப்பூருக்கு வந்த முதல் கொள்கலன் கப்பல் நின்றதும் இந்தத் துறையில்தான். என் அப்பாவும் அங்கே வேலை பார்த்தவர். ஆக, கப்பலைப் பார்த்தே வளர்ந்தேன். ஆனால் முப்பது வயது வரை முழங்காலுக்கு மேல் கடல்நீர் பட்டதில்லை. அந்த ஏக்கம்தான் படகாக வந்து நின்றது.

சரி, அந்த 40 விநாடிக்கு வருகிறேன்.

போன ஜூன் பள்ளி விடுமுறை. நான், கணவர், ஏழு வயது மகன், அத்தை (கணவரின் அம்மா) என நான்கு பேர் காலையில் லாசரஸ் தீவுக்குக் கிளம்பினோம். கடல் எண்ணெய் தடவியதுபோல இருந்தது. படம் எடுத்துக்கொண்டே மெதுவாகப் போனோம். என் நாத்தனாரும் அவர் கணவரும் மரினா சவுத் துறையிலிருந்து ஃபெர்ரி பிடித்து செயின்ட் ஜான்ஸ் தீவுக்கு வந்து, பாலத்தைக் கடந்து நடந்து வந்து சேர்ந்துகொண்டார்கள். அவர்களோடு ஓர் ஐஸ்பெட்டி, மடக்கு நாற்காலிகள், பிரியாணி அண்டா.

மாலை நாலரை மணிக்கு மேற்கே வானம் கறுத்தது. “ஃபெர்ரிக்கு ஏன் காத்திருக்கணும்? எல்லாரும் படகுலயே வந்துடுங்க” என்றேன். படகுக்கு அனுமதித்த எண்ணிக்கைக்குள்தான் இருந்தோம். அதனால் தப்பாகத் தோன்றவில்லை.

வளைகுடாவைத் தாண்டியதும் முழு விசை கொடுத்தேன். வழக்கமாக மூக்கு ஒருமுறை உயர்ந்து, பிறகு தணிந்து, படகு நீரின் மேலேறி வழுக்கிக்கொண்டு ஓடும். அன்று மூக்கு உயர்ந்தது. உயர்ந்தபடியே நின்றது. மீட்டரில் 4,200 சுற்று. ஜிபிஎஸ்ஸில் மணிக்கு 16 கிலோமீட்டர். பின்பக்கம் நீரில் அமுங்கி, பின்னால் மலைபோல ஓர் அலை எங்களைத் துரத்திக்கொண்டு வந்தது. எனக்கு முன்னால் தெரிந்தது எங்கள் படகின் மூக்கு மட்டும். அதற்கப்பால் வானம்.

இடது பக்கம் ஓர் இழுவைப் படகு எங்கள் பாதையைக் கடந்து போவதைப் பார்த்தேன். போகட்டும், அதன் பின்னால் போய்விடலாம் என்று நினைத்தேன். அது வெறுமனே போகவில்லை. நீண்ட கயிற்றில் மணல் தோணி ஒன்றை இழுத்துக்கொண்டு போனது. அந்தத் தோணி எங்கள் மூக்குக்குப் பின்னால் மறைந்திருந்தது.

“தங்கச்சி, நிறுத்து! பின்னாடி தோணி வருது!” என்று கத்தினார் நாத்தனாரின் கணவர்.

விசையைக் குறைத்தேன். மூக்கு கீழே விழுந்தது. அப்போதுதான் இரண்டுக்கும் நடுவில் நீரைத் தொட்டும் தொடாமலும் கிடந்த அந்தக் கயிறு கண்ணில் பட்டது. இழுவைப் படகுக்கும் தோணிக்கும் நடுவே எக்காரணம் கொண்டும் புகக் கூடாது என்பது உரிமத் தேர்வுக்குப் படிக்கும்போதே மனப்பாடம் செய்தது. நான் புகப் போனேன்.

தோணி போகும்வரை நின்று, பிறகு கொட்டும் மழையில் ஊர்ந்து கரை சேர்ந்தோம். அத்தை வழியெல்லாம் பேரனை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கரையில் இறங்கிச் சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னார்: “இனிமே நான் ஃபெர்ரியிலயே வந்துக்கறேன்மா.”

திட்டியிருந்தால் தேவலை.

குற்றம் மோட்டாருடையது என்றே நம்பினேன். விசாரித்த ஓர் இடத்தில், “60 பத்தாது, 90 போடுங்கள்” என்றார்கள். இன்னோர் இடத்தில் பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புரொப்பெல்லரைக் காட்டி, இதைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். எத்தனை பேரை ஏற்றினோம் என்று இரண்டு இடத்திலும் யாரும் கேட்கவில்லை.

கேட்டவர் நாகப்பட்டினத்தில் இருந்தார். என் அம்மாவின் தம்பி. அக்கரைப்பேட்டையில் மீன்பிடித் தொழில். 2004 சுனாமி 6,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன மாவட்டம் அது. மாமாவின் கட்டுமரமும் போனது. அதற்குப் பிறகு அந்தக் கரை நெடுகிலும் ஃபைபர் படகுகள் வந்தன. சின்ன டீசல் இன்ஜின், அதிலிருந்து நீளமாக ஒரு தண்டு, தண்டின் நுனியில் கையகல விசிறி. கரையில் அலை உடையும் இடத்துக்கு வந்ததும் தண்டைத் தூக்கிவிட்டால் விசிறி மணலில் இடிக்காது. தாய்லாந்தில் சுற்றுலா போனவர்கள் இதன் அண்ணன் தம்பிகளைப் பார்த்திருப்பீர்கள்.

நாத்தனார் வேடிக்கைக்காக எடுத்த வீடியோவிலிருந்து மோட்டார் சத்தத்தை மட்டும் வெட்டி மாமாவுக்கு அனுப்பினேன். பதினைந்து நிமிடத்தில் அழைத்தார்.

“இன்ஜின் முக்குது பாப்பா. கெட்டுப் போகல. தாங்க முடியாத விசிறியை மாட்டி வெச்சிருக்கீங்க.”

“இல்ல மாமா, இதே படகு நானும் அவரும் மட்டும் போறப்ப பறக்குது. 28 நாட் போகுது.”

“ரெண்டு பேரு போறப்ப எதுதான் பறக்காது? எத்தனை பேரை ஏத்துன?”

“ஆறு பேரு. சாமான் வேற.”

“போறப்பவா, வர்றப்பவா?”

“வர்றப்ப.”

“அதான். நாங்க போறப்ப வெறும் படகு. வர்றப்ப மீனு, நனைஞ்ச வலை, எதிர்க்காத்து. விசிறியை வர்ற பாரத்துக்குப் போடணும். போறப்ப வேகமாப் போயி என்னா பண்ணப் போற?”

மாமா ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவர். அவர் சொன்னதையேதான் நிபுணர்களும் எழுதியிருக்கிறார்கள் என்று பிறகு தேடிப் படித்தபோது தெரிந்தது. ஐநாவின் உணவு, வேளாண்மை அமைப்பு சென்னையைத் தலைமையிடமாக வைத்து 1979-ல் வங்காள விரிகுடாத் திட்டம் என்ற ஒன்றைத் தொடங்கியது. அதில் வேலை பார்த்த குல்பிரான்ட்சென் என்ற நார்வே நாட்டுப் படகு வடிவமைப்பாளர், சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றி 1980-களிலேயே எழுதினார். 2012-ல் அதே அமைப்புக்காக ஒரு கையேடும் எழுதினார். வேகத்தைக் குறைப்பதும் படகுக்கு ஏற்ற புரொப்பெல்லரைப் பொருத்துவதும் அதில் திரும்பத் திரும்ப வரும். அவுட்போர்டு மோட்டாருடன் கடையில் வரும் புரொப்பெல்லர் பெரும்பாலும் இலேசான, வேகமான படகை மனத்தில் வைத்துச் செய்தது. வலையும் மீனும் ஏற்றும் படகுக்கு அது சரிவராது. குடும்பமும் பிரியாணி அண்டாவும் ஏற்றும் படகுக்கும்தான்.

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், தொடக்கப்பள்ளிக் கணக்குதான்.

எந்தப் புரொப்பெல்லரையும் திருப்பிப் பாருங்கள். நடுத்தண்டிலோ இதழின் அடியிலோ இரண்டு எண்கள் பொறித்திருக்கும். எங்களுடையதில் 11¼ × 14 என்று இருந்தது. முதல் எண் விட்டம், அங்குலத்தில். இரண்டாவது பிட்ச். புரொப்பெல்லரை ஒரு திருகாணி என்று நினைத்துக்கொள்ளுங்கள். மரத்தில் ஒரு சுற்றுத் திருகினால் அது எவ்வளவு உள்ளே போகும்? அதுதான் பிட்ச். 14 என்றால் ஒரு சுற்றுக்கு 14 அங்குலம், அதாவது ஏறக்குறைய 36 சென்டிமீட்டர், முன்னே போகவேண்டும். ஆனால் தண்ணீர் மரம் இல்லை. நழுவும். நன்றாக ஓடும் சிறு படகில் இந்த நழுவல் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை இருப்பது சகஜம்.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கியர் சைக்கிள் வாடகைக்கு எடுத்திருப்பீர்கள். சமதரையில் கனமான கியரில் மிதித்தால் ஒரு மிதிக்கு நெடுந்தூரம் போகலாம். அதே கியரில் மேம்பாலத்தில் ஏறிப் பாருங்கள், கால் நின்றுவிடும். பிட்ச் அதிகமான புரொப்பெல்லர் அந்தக் கனமான கியர். ஆறு பேரும் ஐஸ்பெட்டியும்தான் மேம்பாலம். சைக்கிளில் கியரை மாற்றிக்கொள்ளலாம்; படகில் ஒரே கியர், அதை நீங்கள் கரையிலேயே தேர்ந்தெடுத்து மாட்டிவிட்டுத்தான் கிளம்பவேண்டும். அதனால்தான் எந்தப் பாரத்துக்கு என்ற கேள்வி முதலில் வருகிறது.

எங்கள் மோட்டார் 1.85 சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் ஒரு சுற்றுச் சுற்றும். 4,200-ஐ 1.85-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 2,270 சுற்று. அதை 35.6 சென்டிமீட்டரால் பெருக்கி மணிக்கணக்காக்கினால் 48 கிலோமீட்டர் வருகிறது. நழுவாத தண்ணீராக இருந்தால் நாங்கள் போயிருக்கவேண்டிய வேகம் அது. போனது 16. மூன்றில் இரண்டு பங்கு நழுவலிலேயே போனது, பெட்ரோலும் தண்ணீரைக் கலக்கியே வீணானது.

பெட்ரோல் மட்டும் பிரச்சினை இல்லை. எங்கள் மோட்டாரின் கையேட்டில், முழு விசையில் 5,000 முதல் 6,000 சுற்று வரை ஓடவேண்டும் என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே முழு விசையில் முக்கவைத்தால் உள்ளே கரி படியும், சூடேறும், மெல்ல மெல்ல பிஸ்டன்வரை பாதிக்கும். பிட்ச் மிகவும் குறைவாக இருந்தால் எதிர்ப்பக்கத் தொல்லை. மோட்டார் எல்லை மீறிச் சுற்றும்; புது மோட்டார்களில் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி அதைத் தடுத்து இருமவைக்கும். ஆகவே புரொப்பெல்லர் சரியா தவறா என்பதற்குச் சாட்சி வேகமானி இல்லை. சுற்று காட்டும் மீட்டர்தான். அது இல்லாத படகை வாங்குகிறவர்கள் முதலில் அதற்குச் செலவழியுங்கள்.

நண்பர் ஒருவர் சொல்லி, வடக்குக் கரையோரம் பட்டறை வைத்திருக்கும் ஒரு மலாய்ப் பெரியவரிடம் போனேன். எல்லாரும் பாக்சிக் என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். எங்கள் நிலையத்தில் புதுப் பாட்டைக்கூட யாரும் அவ்வளவு கவனமாகக் கேட்பதில்லை. முக்கும் சத்தம் என்றால் பாரம், திடீரென்று வீறிட்டால் காற்று என்றார்.

காற்று என்பது இதுதான். மோட்டாரை அதிக உயரத்தில் மாட்டியிருந்தாலோ, கூர்மையாகத் திரும்பும்போதோ, புரொப்பெல்லர் மேற்பரப்பிலிருந்து காற்றை உள்ளே இழுத்துவிடும். பிடிப்பு போய், மோட்டார் மட்டும் வீறிடும், படகு நகராது. பலர் இதையே கேவிடேஷன் என்று சொல்கிறார்கள். அது வேறு. இதழின் ஒரு பக்கத்தில் அழுத்தம் மிகவும் குறைந்து, நீரே ஆவிக் குமிழாகி, அந்தக் குமிழ்கள் உடைந்து உடைந்து உலோகத்தை அரிப்பதுதான் கேவிடேஷன். புரொப்பெல்லருக்கு மேலே மோட்டாரில் தட்டையாக ஒரு தகடு இருக்கும். ஏறக்குறைய படகின் அடிப்பாகத்துக்கு நேராக அது இருக்கிறதா என்று பாக்சிக் குனிந்து பார்த்தார். இருந்தது.

பிறகு அவர் எந்தக் கணக்கும் போடவில்லை. பிட்ச் ஒரு அங்குலம் குறைந்தால் சுற்று 150 முதல் 200 வரை கூடும் என்று பொதுவாகச் சொன்னார். கையில் இருந்த பழைய அலுமினியப் புரொப்பெல்லர் இரண்டைக் கொடுத்தார். ஒன்று 12, ஒன்று 11. போட்டுப் பார்த்துவிட்டு வா, ஆனால் உன் குடும்பத்தோடு போட்டுப் பார் என்றார்.

போட்டுப் பார்ப்பதற்குப் பெரிய வரலாறே உண்டு. இங்கிலாந்தில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்ற விவசாயி 1836-ல் கப்பல் திருகுக்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய மரத்திருகு இரண்டு சுற்று நீளம். 1837-ல் லண்டன் கால்வாய் ஒன்றில் ஓட்டிப் பார்த்தபோது எதிலோ இடித்து அதில் பாதி உடைந்துபோனது. படகு நிற்கவில்லை, முன்பைவிட வேகமாக ஓடியது. அதன் பிறகே ஒரு சுற்று போதும் என்று வடிவத்தை மாற்றினார். கணக்கு தெரிந்தவர்களுக்கே தண்ணீர் அப்படித்தான் பாடம் நடத்தியிருக்கிறது.

குடும்பத்தோடு போட்டுப் பார் என்றால்? அத்தை படகின் பக்கமே வரமாட்டார். மகனை ஏற்றிச் சோதனை ஓட்டம் நடத்த எனக்கே மனம் வரவில்லை. கடைசியில் 20 லிட்டர் தண்ணீர் கேன்களை வாங்கினோம். ஒரு கேன் 20 கிலோ. கணவருக்கு நான்கு, நாத்தனாருக்கும் அவர் கணவருக்கும் மும்மூன்று, அத்தைக்கு மூன்று, மகனுக்கு ஒன்று, சாமானுக்கு மூன்று. மொத்தம் 17. அவரவர் உட்காரும் இடத்திலேயே அடுக்கிக் கயிற்றால் கட்டினோம். நானும் படகில் பங்குள்ள நண்பரும் ஏறிக்கொண்டோம். நண்பரின் எடைக்கு ஈடாகச் சில கேன்களை இறக்கியிருக்கவேண்டும்; அது அப்போது தோன்றவில்லை.

முதலில் பழைய 14. அதே 4,200, அதே மூக்கு, அதே முனகல். கேன்கள் அழவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

பிறகு 12. மூக்கு உயர்ந்து, வெகுநேரம் யோசித்து, இறங்கியது. 4,900 சுற்று. பரவாயில்லை, ஆனால் இன்னும் எல்லைக்குக் கீழேதான்.

பிறகு 11. விசை கொடுத்த ஆறேழு விநாடியில் மூக்கு இறங்கி, எதிரே கடல் முழுவதும் தெரிந்தது. 5,300 சுற்று. மணிக்கு 39 கிலோமீட்டர். கரைக்கு வந்து கணக்குப் போட்டேன். 5,300-ஐ 1.85-ஆல் வகுத்து, 11 அங்குலத்தால் பெருக்கினால் மணிக்கு 48 கிலோமீட்டர். ஆம், அதே 48. தாளில் இரண்டு புரொப்பெல்லருக்கும் ஒரே வேகம். தண்ணீரில் ஒன்று 16, இன்னொன்று 39.

பிட்ச் மூன்று குறைந்தால் 600 சுற்றுதானே கூடவேண்டும், 1,100 எப்படி என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். படகு மேலேறிவிட்டால் அதைப் பிடித்து இழுக்கும் நீர் குறைந்துவிடுகிறது. சுமை குறைந்த மோட்டார் தானாகவே இன்னும் சுற்றுகிறது. ஏறாத படகில் எந்தக் கணக்கும் பொருந்தாது.

கேன்களை இறக்கிவிட்டு இரண்டு பேராக ஒரு முறை ஓட்டினோம். 5,950 சுற்று, 25 நாட். எல்லையைத் தொட்டும் தொடாமல். நண்பருக்கு முகம் வாடியது. முன்பு 28 போனதே என்றார். மூன்று நாட் போனது உண்மைதான். அந்த மூன்று நாட்டை இதுவரை நாங்கள் எதற்கு உபயோகித்தோம் என்று யோசித்தேன். பக்கத்துப் படகுக்காரர் பார்க்கும்போது ஒருமுறை.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்கவில்லை. அது அலுமினியத்தைவிட இரண்டு, மூன்று மடங்கு விலை. இதழ் மெல்லியதாக, வளையாமல் இருப்பதால் வேகம் கிடைக்கும் என்பது நிஜம். ஆனால் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை மேடுகள் நிறைய. அலுமினியம் இடித்தால் வளையும், தட்டிச் சரி செய்யலாம். எஃகு வளையாது, அடி கியர்வரை போகக்கூடும். நடுவில் ரப்பர் வளையம் ஒன்று அதிர்ச்சியைத் தாங்கத்தான் வைத்திருக்கிறார்கள், ஆனாலும் என் ஓட்டுத்திறமையை நான் அறிவேன். நான்கு இதழ் உள்ளதும் யோசித்தோம். அது கனமான பின்பக்கத்தை நன்றாகத் தூக்கும், அலையில் பிடிப்பு விடாது, உச்ச வேகம் கொஞ்சம் குறையும். அடுத்த முறை பார்க்கலாம்.

மாட்டும்போது பாக்சிக் காட்டிய ஒரு விஷயத்தைத் தூண்டில் போடும் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பழைய புரொப்பெல்லரைக் கழற்றியதும் தண்டைச் சுற்றி நைலான் நரம்பு ஒரு பந்துபோலச் சுற்றியிருந்தது. யாரோ விட்டெறிந்த தூண்டில் நரம்பு. அது உருகி, எண்ணெய் கசியாமல் காக்கும் சீலை அறுத்துவிடும். நீர் உள்ளே போனால் கியர் எண்ணெய் பால் ஊற்றிய காப்பி நிறமாகும். கவனிக்காவிட்டால் கியர்பெட்டியே போகும். எங்களுக்கு அந்த நிறம் வரவில்லை, தப்பித்தோம். தண்டில் கிரீஸ் தடவி, வாஷர்களை எடுத்த வரிசையிலேயே போட்டு, நட்டை முறுக்கி, புது ஊசியைச் செருகி வளைத்துவிட்டார். பழைய ஊசியை மறுபடி நிமிர்த்திப் போடாதே என்றார். மூன்று வெள்ளிகூட ஆகாத பொருள். அது உடைந்தால் புரொப்பெல்லர் கடலுக்கு.

பழைய 14-ஐ விற்கவில்லை. ஒரு நட்டு, ஊசி, ஸ்பேனரோடு துணியில் சுற்றிப் படகின் அடியில் வைத்திருக்கிறோம். 11 எங்காவது பாறையில் சிதைந்தால் ஊர்ந்தாவது வீடு வர. அதோடு இன்னொரு பழக்கமும் வந்திருக்கிறது. மோட்டாரை நிறுத்தும் கயிறு என் மணிக்கட்டில் மாட்டாமல் கிளம்புவதில்லை. பிள்ளைகள் நீரில் இருக்கும்போது மோட்டாரை நியூட்ரலில் விடுவதில்லை, அணைத்தே விடுகிறேன். அந்த மூன்று இதழைக் கையில் பிடித்து விளிம்பைத் தடவிப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

புது ஒலிப்பதிவை மாமாவுக்கு அனுப்பினேன். “இப்ப மூச்சு விடுது” என்று மட்டும் பதில் வந்தது. உடனே இன்னொன்று: “டீசல் என்ன வெல அங்க?” பெட்ரோல் மோட்டார் மாமா என்றேன். பதில் இல்லை.

அத்தைக்கு எல்லாவற்றையும் இரவுச் சாப்பாட்டின்போது விளக்கினேன். பிட்ச், சுற்று, நழுவல், எல்லாம். ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டார். கேன் கதை வந்ததும் கரண்டியை வைத்துவிட்டார்.

“எனக்கு எத்தனை கேன் வெச்சே?”

“மூணு, அத்தை.”

“மூணா?” கொஞ்ச நேரம் யோசித்தார். “அறுபது கிலோவா நான்? நாலு வெச்சு இன்னொரு தடவை ஓட்டிப் பாரு. அப்புறம் சொல்றேன்.”

இந்தச் சனிக்கிழமை எங்கள் முறை. 18 கேன் நிரப்பி வைத்திருக்கிறேன்.